கீரிப்பிள்ளைக்கு முந்தி வந்த நிழல்

ஓடைக்கரிசல் ஊரில் முதலில் நிழல் வரும், மறுநாள்தான் கீரிப்பிள்ளை வரும். காலை வெயில் கூரையிலிருந்து முற்றத்துக்கு இறங்குகிற நேரத்தில், சீமைக்கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஒரு கீரிப்பிள்ளையின் நிழல் மட்டும், நீண்ட வாலும் கூர்மூஞ்சியுமாக, கூட ஒரு கீரிப்பிள்ளை இல்லாமலே தரையோடு தரையாக நழுவி, ஓடைமேட்டைத் தாண்டி ஊருக்குள் நுழைந்து, வீடு வீடாகப் போய், குப்பை கிளறிக்கொண்டிருக்கிற கோழிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு, கடைசியில் ஏதோ ஒரு கோழியின் காலடியில் வந்து படுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு வந்த வழியே போய்விடும். மறுநாள் அதே வெயிலுக்கு, நிழலே இல்லாத கீரிப்பிள்ளை ஒன்று வந்து, மற்ற கோழிகளை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராக அந்தக் கோழியிடம் போய்க் கழுத்தைக் கவ்விக்கொண்டு போகும்.

இது ஏன் இப்படி என்று ஊரில் யாரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளவில்லை. மழை பெய்யாத ஊரில் கேட்க வேண்டிய ஏன்கள் வேறு நிறைய இருந்தன. என்ன செய்வது என்றுதான் யோசித்தார்கள். முதலில், நிழல் பட்ட கோழியைப் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மேலே ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்தார்கள். கீரிப்பிள்ளை மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே போய் எடுத்துப் போனது. பிறகு டீக்கடைத் தங்கையா வீட்டில் ஒரு யோசனை செய்தார்கள். நாளைக்குப் போகப்போகிற கோழியை இன்றைக்கே அடித்துக் குழம்பு வைத்து, எலும்பைக்கூட விடாமல் சாப்பிட்டு ஏப்பம் விட்டார்கள். மறுநாள் கீரிப்பிள்ளை வந்தது, கோழியைத் தேடியது, இல்லை என்று தெரிந்ததும் கோபப்படாமல் வாசலுக்கு நேரே உட்கார்ந்து, விருந்துக்கு அழைத்துவிட்டு இலை போடாத வீட்டுக்காரனைப் பார்க்கிற மாதிரி தங்கையாவைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பொழுது இறங்கும்வரை பார்த்தது. தங்கையாவுக்கு அன்று டீயில் சர்க்கரை போடுவதே மறந்துபோய்விட்டது.

அதிலிருந்து ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. நிழல் பட்டால் பட்டதுதான், அதற்கு மேல் பேச்சில்லை. பட்ட கோழிக்கு அன்று ஒரு நாள் ராஜ உபசாரம். கம்பு ஊறவைத்துப் போடுவார்கள், வெயிலுக்குத் தண்ணீர் வைப்பார்கள், நேற்றுவரை ‘சனியனே’ என்று விரட்டினவர்கள் ‘ஏ ராசாத்தி, வாடா கண்ணு’ என்று கூப்பிடுவார்கள், அந்தக் கோழி அடுப்பங்கரைக்குள் வந்து அரிசிச் சட்டியில் ஏறி நின்றாலும் ஒரு சொல் சொல்லமாட்டார்கள். மற்ற கோழிகளைப் பற்றிக் கவலை இல்லாததால் கூட்டுக்குக் கதவு போடுவதை விட்டார்கள். கீரிப்பிள்ளை நடமாட்டத்தில் கடலை மூட்டைக்குள் எலி குறைந்தது, வைக்கோல் படப்படியில் பாம்பு குறைந்தது. கோழி வியாபாரி மட்டும் மொபெட்டை நிறுத்தினதும் முதல் கேள்வியாக, “நெழலு படாததுதான?” என்று கேட்பான். ஆமாம் என்று சொன்னால் நம்பி எடுப்பான். அந்த ஒரு விஷயத்தில் ஓடைக்கரிசல்காரர்கள் பொய் சொல்வதில்லை.

ஆனால் எந்தக் கோழியை எடுக்கும், ஏன் எடுக்கும் என்பது மட்டும் டீக்கடையில் பேசி ஓயவில்லை. கொழுத்ததை எடுக்கும் என்றார்கள், இல்லை. வெள்ளைக் கோழியை எடுக்கும் என்றார்கள், அதுவும் இல்லை. கடைசியில் தங்கையா தன் கடை வாசலிலிருந்தே பார்த்துப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தான்.

“நெழலு வந்ததும் படுக்கிறது கெடையாது. மொதல்ல சும்மா ஒரு பாய்ச்சல் காட்டுது. எல்லாக் கோழியும் எறக்கையடிச்சுட்டு ஓடுதுல்ல? எது கடைசியா எந்திரிக்குது, எது எந்தப் பக்கம் ஓடுறதுன்னு தெரியாம நிக்குதுன்னு பாத்து வச்சுக்கிடுது. நோஞ்சானாப் பாத்துத்தான் எடுக்குதுய்யா அது.”

ஊர் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டு, ஓடைக்கரிசல்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தார்கள். தங்கள் தங்கள் வீட்டு நோஞ்சான் கோழிகளை, கால் வளைந்ததை, ஒற்றைக் கண்ணை, கழுத்தில் மயிர் கொட்டினதை, ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் உலகம்மாள் வீட்டு வேலிக்குள் விட்டுவிட்டு வந்தார்கள். உலகம்மாள் வீட்டில் ஏற்கெனவே நொண்டிக் கோழிகள் இருந்தன, அதோடு இதுவும் கிடந்துவிட்டுப் போகட்டும், நிழல் அங்கேயே போய்ப் படுக்கட்டும் என்பது கணக்கு. உலகம்மாள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள், “விட்டுட்டுப் போங்க, நானும் நொண்டிதான்” என்பாள். அவளுக்கு முழங்கால் வலி. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டும். அவள் முற்றத்துக்குக் ‘கோழி ஆஸ்பத்திரி’ என்று பெயர் வந்தது. நிழல் போனது, பாய்ச்சல் காட்டியது, சுற்றிச் சுற்றிப் பார்த்தது, ஆனால் ஊரிலுள்ள நோஞ்சான் அத்தனையும் ஓரிடத்தில் கிடந்தும் அங்கே ஒரு தரம்கூட அது படுக்கவில்லை. அங்கிருந்து விலகி, வேறு வீட்டில் நன்றாக இருக்கிற ஏதோ ஒரு கோழியின் காலடிக்குப் போய்விடும். தங்கையாவின் கண்டுபிடிப்பு அந்த ஒரு முற்றத்தில் மட்டும் செல்லுபடியாகவில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் அவன் டீ ஆற்றப் போய்விடுவான்.

உலகம்மாள் வீட்டுக்கு எதிர் வீடு வெள்ளத்தாயினுடையது. உலகம்மாளின் புருஷன் வேலாண்டிக்கு வெள்ளத்தாய் கூடப்பிறந்த தங்கை. ஐம்பது வயது, புருஷன் இறந்துவிட்டான், ஒரே மகளைச் சாத்தூரில் கட்டிக்கொடுத்தாயிற்று, தீப்பெட்டி ஆபீசில் வேலை, வீட்டில் ஒரு அடுப்பு, ஒரு கோழி. அந்தக் கோழியும் அவளுடையது இல்லை. உலகம்மாளின் செவலைக் கோழி, வாரத்துக்கு வந்தது. கோழிக்காரி கோழியைக் கொடுப்பாள், வளர்க்கிறவள் தீனி போட்டு அடை வைத்துக் குஞ்சு பொரிக்க வைப்பாள், குஞ்சுகள் பெரிதானதும் ஆளுக்குப் பாதி. கோழிக்காரிதான் முதலில் பொறுக்குவாள், அது முறை.

மதினியும் நாத்தனாரும் பேசி மூன்று வருஷம் இருக்கும். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. மகள் கல்யாணம் முடிந்து வீடு காலியான புதிதில் உலகம்மாள் ஊர் நடுவில், குழாயடியில், நாலு பேர் முன்னால், “ஒண்டிக்கட்டைக்கு எதுக்குளா தனி அடுப்பு, எங்க வீட்டுல வந்து தின்னுட்டுப் போ” என்று சொன்னாள். சோறு தின்ன வா என்றுதான் சொன்னாள். ஆனால் வெள்ளத்தாயின் காதில் ஒண்டிக்கட்டை என்ற ஒரு சொல்தான் விழுந்தது, மற்றதெல்லாம் குடத்தோடு சேர்ந்து வழிந்து போய்விட்டது. அன்றோடு பேச்சு நின்றது. உலகம்மாள் குழாயடியில் நிற்கிற நேரத்துக்கு வெள்ளத்தாய் போவதில்லை, எல்லாரும் பிடித்து முடித்துத் தண்ணீர் நூலாக ஒழுகும்போதுதான் போவாள். பெண்கள் கூட்டமாகத் தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்கு நடந்தால் அவள் பத்தடி தள்ளி நடப்பாள். கோயில் பொங்கலுக்கு எல்லாரும் வரிசையாக அடுப்புக்கல் கூட்டினால் அவள் வேம்புக்கு அந்தப் பக்கம் கூட்டுவாள். இத்தனைக்கும் அவள் சிடுமூஞ்சி இல்லை, நன்றாகச் சிரிப்பாள், வேலையில் கெட்டி, யாரோடும் மனஸ்தாபம் கிடையாது. தனியாக இருந்து காட்டுகிறேன் பார் என்று ஒரு வீறாப்பு, அது பழகிப்போய் நடையாகிவிட்டது.

கோழி மட்டும் திரும்பிப் போகவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்தால் எல்லாம் அற்றுப்போகும் என்று இரண்டு பேருக்குமே உள்ளுக்குள் பயம். குஞ்சு பங்கு போடுகிற நாள் வந்தால், வெள்ளத்தாய் ஒரு வார்த்தை பேசாமல் குஞ்சுகளைத் தெரு நடுவில் கொண்டுவந்து விடுவாள், உலகம்மாள் ஒரு வார்த்தை பேசாமல் வந்து பொறுக்குவாள். அந்தப் பொறுக்கல்தான் வெள்ளத்தாய்க்கு வயிற்றெரிச்சல். துள்ளிக்கொண்டு நிற்கிற நல்ல குஞ்சுகளை விட்டுவிட்டு, கால் மடங்கினது, கண் ஒட்டினது, வாடினது என்று பார்த்துப் பார்த்து எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டு போவாள். ‘என் கையால வளத்த நல்ல குஞ்சு அவளுக்கு ஆகாதாக்கும், எம்மேல அத்தனை எளக்காரம்’ என்று வெள்ளத்தாய் தன் செவலையிடம் சொல்லிப் பொருமுவாள். செவலை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செவலை வாசலில் அடைப்பானைக்குள் முட்டை மேல் உட்கார்ந்திருக்க, வெள்ளத்தாய் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிழல் வந்தது. வெள்ளத்தாய் கையிலிருந்த கீரையைக் கீழே போட்டாள். அடைக்கோழியை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கிற உயிர்கள் அத்தனையும் போகும், அதோடு எதிர் வீட்டோடு இருக்கிற கடைசிப் பிடியும் போகும். நிழல் பானையைச் சுற்றியது. செவலை சிறகை விரித்து உப்பிக்கொண்டது, வெள்ளத்தாய் தன்னையறியாமல் பானை மேல் கையை வைத்தாள். நிழல் அந்தக் கையைப் பார்த்தது போலிருந்தது. பிறகு பானையை விட்டு விலகி, கீரைக்கட்டைத் தாண்டி வந்து, வெள்ளத்தாயின் பாதத்தடியில் வாலைச் சுருட்டிப் படுத்துக்கொண்டது.

தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். எதிர் வீட்டில் உலகம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகு நின்றது. நிழல் படுக்க வேண்டிய நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து போனது.

அரை மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. டீக்கடையில், கீரிப்பிள்ளை ஆளைத் தூக்குமா என்று ஒருவன் கேட்க, ஆளைத் தூக்காது, ஆனால் நிழல் இதுவரை தப்புப் பண்ணினதும் கிடையாதே என்று இன்னொருவன் சொல்ல, அதற்குமேல் யாருக்கும் டீ இறங்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாத ஊர், தெரிந்ததைச் செய்தது. நிழல் பட்டதற்கு ராஜ உபசாரம். மேலத்தெருவிலிருந்து பணியாரம் வந்தது, கீழத்தெருவிலிருந்து கறிக்குழம்பு வந்தது, தங்கையா ஏலக்காய் தட்டிப் போட்ட டீயைத் தானே தூக்கிக்கொண்டு வந்தான். வெள்ளத்தாயோடு கடன் கேட்கக்கூடப் பேசாதவர்கள் எல்லாம், “என் தங்கம், ஒரு வாய் தின்னு” என்று வாயருகே ஊட்ட வந்தார்கள். வெள்ளத்தாய்க்குப் பயம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம், பணியாரம் நன்றாக இருந்தது ஒரு பக்கம்.

“நான் என்ன கோழியா? ராசாத்தி, கண்ணுன்னுட்டு! போங்க, அவங்கவங்க சோலியப் பாத்துட்டு!” என்று கத்தினாள். கத்திவிட்டு இன்னொரு பணியாரம் எடுத்தாள்.

வேலாண்டி வந்து வாசலில் நின்று துண்டால் கண்ணைத் துடைத்தான். “ஆத்தா, நம்ம வீட்டுக்கு வந்துரு. ஒன்னயத் தனியா விட்டுட்டு எனக்குச் சோறு எறங்குமா?”

“நாளைக்கு என்ன நடக்கணுமோ அது இங்க நடக்கட்டும் அண்ணே. பயந்துக்கிட்டு அந்த வீட்டுக்கு வந்தா, அன்னைக்குச் சொன்னது சரின்னு ஆயிரும்.”

வேலாண்டி தெருவைத் தாண்டி எதிர் வீட்டுக்குப் போனான். சத்தம் கேட்டது. முதலில் அவன் சத்தம், பிறகு உலகம்மாளின் சத்தம், பிறகு அவள் சத்தம் மட்டும். அப்புறம் வேலிப்படல் திறந்தது. உலகம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டித் தெருவில் இறங்கினாள். அவள் பின்னால், அவள் குரலுக்கே பழகின நொண்டிக் கோழிகள் அத்தனையும், ஒற்றைக் கண்ணும் வளைந்த காலும் மொட்டைக் கழுத்துமாக, விழுந்து எழுந்து தெருவைக் கடந்தன. ஊர் ஒதுங்கி வழிவிட்டது.

உலகம்மாள் வெள்ளத்தாய் வாசலுக்கு வந்து, சுவரைப் பிடித்து மெல்ல இறங்கி, அவள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“நீ வரமாட்டேன்னா நான் வந்துட்டேன். இனி என்னைய யாரும் எந்திரிக்கச் சொல்லாதீக, எந்திரிக்க முடியாது.”

வெள்ளத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் தள்ளி உட்காரவில்லை. பொழுது அடைந்தது, கோழிகள் இரண்டு பேரைச் சுற்றியும் அடைந்தன, விடிந்தது. ஒருத்தியோடு ஒருத்தி பேசவில்லை, இரண்டு பேரும் கோழிகளோடுதான் பேசிக்கொண்டார்கள்.

வெயில் முற்றத்தில் இறங்கியபோது கீரிப்பிள்ளை வந்தது. காய்ந்த புல் நிறம், சிவந்த கண், காலடியில் நிழல் இல்லை. ஊரெல்லாம் தெரு ஓரத்தில் நின்றது. அது வாசலுக்கு முன்னால் பின்னங்காலில் எழுந்து நின்று பார்த்தது. நேற்று அதன் நிழல் பார்த்துவைத்துப் போன இடத்தில் ஒரு பெண்பிள்ளை தனியாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இன்று அந்த இடத்தில் ஒரு பெருங்கூட்டம் உட்கார்ந்திருந்தது. கீரிப்பிள்ளை மயிரைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு பாய்ச்சல் காட்டியது.

வெள்ளத்தாய்க்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. கால் துள்ளியது. அப்போதுதான் அவள் கோழிகளைப் பார்த்தாள். வேறு கோழிகளாக இருந்தால் ஆளுக்கொரு திசையில் சிதறியிருக்கும். இவற்றுக்கு ஓட முடியாது, பறக்க முடியாது. ஓட முடியாததால் இத்தனை நாளில் அவை வேறொன்று பழகியிருந்தன. ஒன்றையொன்று ஒட்டி, வளைந்த காலை நல்ல கால் தாங்க, குருட்டுக் கண் இருக்கிற பக்கம் கண் தெரிந்தது நிற்க, எல்லாம் சேர்ந்து ஒரே கோழியாகிப் பன்னிரண்டு மூக்கையும் கீரிப்பிள்ளையைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றன. கடைசியாக எழும்புவது எது, வழி தெரியாமல் நிற்பது எது என்று எதை வைத்துப் பிரிப்பது? கீரிப்பிள்ளை இடம் போனது, வலம் போனது, மறுபடி ஒரு பாய்ச்சல் காட்டியது. அவை இன்னும் நெருங்கிக்கொண்டன. உலகம்மாளும் எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்க முடியாதே. கையை மட்டும் நீட்டி வெள்ளத்தாயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளத்தாய் நகர்ந்து தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள்.

கீரிப்பிள்ளை கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தது. பிறகு எழுந்து, தப்பு முகவரிக்கு வந்துவிட்டவர் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தெருக்கோடிக் குப்பைமேட்டில் தனியாக மேய்ந்துகொண்டிருந்த ஒரு பெருச்சாளியைக் கவ்விக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது.

தங்கையா தலையில் அடித்துக்கொண்டான். “நோஞ்சான எடுக்கலய்யா அது! தனியா நிக்கிறதத்தான் எடுக்குது. இத்தன நாளு கூட்டத்துல நின்னுக்கிட்டே எனக்குத் தெரியலியே!”

வெள்ளத்தாய்க்கு அதையெல்லாம் கேட்க நேரமில்லை. மணிக்கட்டிலிருந்த கையை விலக்காமலே, மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் கேள்வியைக் கேட்டாள்.

“மதினி, பங்கு போடும்போதெல்லாம் எதுக்கு நொண்டிக் குஞ்சாப் பாத்து எடுத்தீக? நான் வளத்த நல்ல குஞ்சு எளக்காரமாப் போச்சாக்கும்?”

உலகம்மாள் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “கூறுகெட்டவளே, நல்லது ஒனக்கு இருக்கட்டுமேன்னுதான். நீ வேலைக்குப் போறவ, நொண்டிய யாரு பாக்கிறது? நான் வீட்டோட கெடக்கிறவ, பாத்துக்கிடுவேன்.”

வெள்ளத்தாய்க்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வருஷத்து அழுகை, வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது. அவள் அழ, உலகம்மாள் அழ, வேலாண்டி எதற்கென்றே தெரியாமல் அழுதான். ஊர் மிச்சமிருந்த பணியாரத்தைப் பங்கு போட்டுத் தின்றது.

செவலை குஞ்சு பொரித்தது. குஞ்சுகள் பெரிதாகிப் பங்கு போடுகிற நாளும் வந்தது. இந்தத் தடவை தெருவில் பாய் விரித்து இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். குஞ்சுகளில் ஒன்றுக்கு விரல் மடங்கியிருந்தது, தத்தித் தத்தித்தான் நடக்கும். முறைப்படி உலகம்மாள் முதலில் கையை நீட்டினாள், நேராக அந்தக் குஞ்சின் மேல்தான் நீட்டினாள். அங்கே ஏற்கெனவே வெள்ளத்தாயின் கை இருந்தது.

“கைய எடு. மொதல்ல எடுக்கிறது நான்தான.”

“மொதல்ல எடுங்க. இது போக எதை வேணாலும் எடுங்க.”

“நான் உசுரோட இருக்கும்போது நொண்டிக் குஞ்சு ஒன் வீட்டுக்கா?”

“ஆமா, எம் வீட்டுக்குத்தான். இத்தன வருசம் நீங்க வச்சிருந்தது போதும்.”

சத்தம் பெரிதாகி ஊர் கூடிவிட்டது. அந்த நேரத்துக்கு ஓடைமேட்டைத் தாண்டி வந்த நிழல், தெருமுனையில் நின்று இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, படுக்க இடமில்லாமல் அடுத்த தெருவுக்குப் போனது. அதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டு கைகளுக்கும் நடுவில் நொண்டிக் குஞ்சு கத்தாமல் கதகதப்பாக உட்கார்ந்திருந்தது.